வலையோரத்தின் இடது பக்கம்

மாலை ஐந்து மணி இருபது நிமிடம். முதலில் கண்ணில் பட்டது வலை. நடுவில் நான்கு விரல் அளவு தொய்ந்திருந்தது. அதை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தவர் என் தங்கையின் கணவர். தெங்கேராவிலிருந்து செங் வரை போகும் பஸ்ஸின் ஓட்டுநர். காக்கிச் சட்டையைக் கழற்றிக் கம்பத்தில் மாட்டியிருந்தார்.

நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த மறு ஆண்டு. காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த மண் தளத்தில், சுண்ணாம்பால் கோடு போட்டுப் பூப்பந்து ஆடுவோம். திறந்தவெளி, உயரப் போகும் பந்தைக் கடல் காற்று தள்ளிக்கொண்டு போய்விடும். அதனால் இரட்டையர் ஆட்டத்தில் வெற்றியும் தோல்வியும் வலையோரத்தில்தான். முன்னால் அவர் நிற்பார், பின்னால் நான்.

சில மாதங்களாகத் தோற்றுக்கொண்டிருந்தோம். அவருக்கு இடது பக்கம் வந்த பந்தெல்லாம் தரையில் விழுந்தது. முந்தைய ஞாயிற்றுக்கிழமை வேலியோரத்திலிருந்து ஒருவர் கத்தினார்: "டிரைவர் அண்ணே, ஏன் நின்னுட்டீங்க? இன்னும் ஸ்டாப்பு வரலயே!" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மட்டையை முழங்காலருகே தொங்கவிடுவதுதான் கோளாறு என்று முடிவுகட்டினேன். நான்கு வாரமாகப் பயிற்சி கொடுத்தேன். மட்டை முகத்துக்கு நேரே இருக்க வேண்டும். பந்தை வரவிடாமல், ஓர் அடி முன்னால் போய் எடுக்க வேண்டும். அன்றும் வலைக்கு எதிர்ப்பக்கம் நின்று கையால் பந்தை எறிந்தேன். வலது பக்கம் எறிந்த இருபதில் ஒன்றுகூடத் தவறவில்லை.

இடது பக்கம் எறிந்த முதல் பந்து அவருடைய கன்னத்தில், கண்ணுக்குச் சற்றுக் கீழே பட்டது. பட்ட பிறகுதான் அவர் இமைத்தார்.

இன்னொன்று எறிந்தேன். அப்போதும் அப்படியே.

"மாப்பிள்ளே, வலது கண்ணை மூடுங்க."

"எதுக்கு மச்சான்?"

"மூடுங்க. இது எத்தன விரல்?"

அவர் குனிந்து மட்டையின் நரம்புகளை விரலால் சரிசெய்துகொண்டிருந்தார்.

"ஒரு கண்ணு போதும் மச்சான். அந்த ரோட்டுல எனக்குத் தெரியாத குழியா?"

"ஆளுங்க நிக்கிறது இடது பக்கம்தானே?"

மட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார். போன மாதம் ஒரு சைக்கிள்காரர் பஸ்ஸில் உரசிச் சாக்கடையில் விழுந்திருக்கிறார். எழுந்து நின்று திட்டியபோதுதான் அங்கே ஓர் ஆள் இருந்ததே இவருக்குத் தெரிந்திருக்கிறது.

"லைசென்ஸ் போச்சுன்னா வேலையும் போச்சு. உங்க தங்கச்சி இப்ப மாசமா இருக்கா."

"சனிக்கிழமைக்குள்ள ஆபீஸ்ல நீங்களே சொல்லிடுங்க. இல்லன்னா நான் சொல்ல வேண்டியிருக்கும்."

"நீங்க நிருபராச்சே, உங்க பேப்பர்லயும் போட்டுடுவீங்களோ?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

அன்று வியாழக்கிழமை. ஒரு நாள் அவகாசம் கொடுத்ததுகூடத் தவறு என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, அவருடைய பஸ்ஸில் இடது பக்க முன் இருக்கையில் உட்கார்ந்தேன். காலை முதல் மாலை வரை எத்தனை நடை போனதோ அத்தனையிலும் இருந்தேன். "சைக்கிள்," "ரெண்டு பிள்ளைங்க," "கிழவி, கையில கூடை," என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். அவர் திரும்பிப் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டினார். டிக்கெட் கிழிப்பவர் என்ன விஷயம் என்று கேட்டார். செய்தி எழுத வந்திருக்கிறேன் என்றேன்.

சனிக்கிழமை காலை அவரே போய்ச் சொன்னார். மருத்துவர் சோதித்துவிட்டு, இடது கண்ணில் பார்வை திரும்பாது என்று எழுதிக்கொடுத்தார். கம்பெனியில் பஸ் கழுவும் வேலை கொடுத்தார்கள்.

அவருக்கு அப்போது முப்பத்தொரு வயது.