நுரை பூசிய பலூன்

சவரக்கத்தியைப் பிடிப்பதில் அந்தத் தெரு சலூன்காரரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்தவர் குறட்டை விட ஆரம்பித்தால்தான் வேலை சரியாக நடக்கிறது என்று அவர் நினைப்பார்.

போன வருடம் ஐந்தாறு நாள் பொட்டுத் தூக்கமில்லாமல் ஓடியாடினார். கடைச் சுவருக்கு இரண்டு தடவை வண்ணம் மாற்றினார். பிறகு, மீசைகள் வானத்திலிருந்து செய்தி வாங்குகின்றன, அதிலும் இடப்பக்கத்து மீசை எதிரிக்கு வேலை பார்க்கிறது என்று அவருக்குத் திட்டவட்டமாகத் தெரிந்துபோனது. மூன்று வாடிக்கையாளர்களும் மனைவியின் தம்பியும் பாதி மீசையோடு வீடு திரும்பினார்கள்.

அவரைக் கூட்டிப்போன ஆஸ்பத்திரியில் டாக்டர் மைத்துனரைப் பார்த்து, "மிச்சத்தையும் எடுத்திருக்கலாமே?" என்றார்.

"யார்கிட்ட போய் எடுக்கறது டாக்டர்? எங்க சலூன்காரர் இவர்தானே!"

இருமுனைக் கோளாறு என்றார் டாக்டர். மனசு தலைகால் புரியாமல் உச்சத்துக்கு ஏறும்போது, சிலருக்கு இல்லாததை உண்டென்று அடித்துச் சொல்லும் பிறழ்வும் சேர்ந்து ஏறிக்கொள்ளும். அந்த நம்பிக்கையை அடக்க ஒரு மாத்திரை, ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்ய லித்தியம் என்று இன்னொன்று. இரண்டு மாதத்தில் மீசைகள் மறுபடி வெறும் மீசைகளாயின.

ஆனால் லித்தியம் அவர் விரல்களில் மெல்லிய நடுக்கத்தைக் கொண்டுவந்தது. டீ டம்ளர் நடுங்கினால் துடைத்துக்கொள்ளலாம். கத்தி நடுங்கினால்? 'முடிவெட்டு மட்டும்' என்று பலகை மாட்டினார். இவருக்கு இன்னும் மீசை பயம் தெளியவில்லை என்று தெரு பேசிக்கொண்டது. அந்தப் பேச்சு அவரை அறுத்தது. யாரிடமும் மூச்சு விடாமல் லித்தியத்தை நிறுத்தினார்.

நான்காம் நாள் கை கல்லாக நின்றது. ஐந்தாம் நாள் விடிவதற்கு முன்பே கடையைத் திறந்து, சீப்புகளை உயர வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே வந்த மைத்துனரின் மேலுதட்டை இமைக்காமல் பார்த்தார். மைத்துனர் வாயைப் பொத்திக்கொண்டார்.

"மச்சான், உங்க அக்காவக் கூப்பிடு. உன் மீசை என்கிட்ட என்னவோ சொல்ல வருது."

மனைவி ஓடிவந்தாள். "சொல்லிடுச்சாங்க?"

"இன்னும் இல்ல. தொண்டையக் கனைக்குது."

மாத்திரை நிறுத்திய கதையையும் அவரே கொட்டிவிட்டார். அன்றைக்கே மூவரும் டாக்டர் முன்னால் இருந்தார்கள்.

"கை நடுங்குதுன்னு என்கிட்ட ஏன் சொல்லல?"

"சலூன்காரன் தன் கை நடுங்குதுன்னு வெளிய சொல்வானா டாக்டர்?"

"உங்க கத்திய நான் தீட்டறேனா? என் மாத்திரைய மட்டும் நீங்க ஏன் தொடறீங்க?"

டாக்டர் பழைய ரத்த அறிக்கையைத் தேடி எடுத்தார். ரத்தத்தில் லித்தியம் இருக்கவேண்டிய அளவின் மேல்விளிம்பில் இருந்தது. அளவைக் கொஞ்சம் குறைத்து மறுபடி தொடங்கினார். மற்ற மாத்திரை அப்படியே. பத்து நாளில் ரத்தம் பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்.

ரத்தத்தை ஆஸ்பத்திரி பார்க்கட்டும், கையை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சலூன்காரர் பலூன் பாக்கெட் வாங்கினார். தொழில் பழகுகிறவர்கள் ஊதிய பலூனில் நுரை பூசி மழிப்பதுதான் வழக்கம். வெடித்தால் இன்னும் பழகவில்லை என்று அர்த்தம். முதல் வாரம் ஆறு வெடித்தன. கூரையெல்லாம் நுரை.

"ஊதி ஊதி எனக்குத்தான் மயக்கம் வருது. அந்த டாக்டர்கிட்ட எனக்கும் ஒரு சீட்டு எழுதி வாங்குங்க," என்றாள் மனைவி.

குறைத்த அளவு சரியாக நிற்கிறது என்று ரத்தம் சொன்னது. மூன்றாம் வாரம் பத்தில் ஒன்பது பலூன் பிழைத்தது. பத்தாவது மட்டமான சரக்கு என்று அவர் சாதித்தார். பலகையைக் கழற்றினார். ஆனால் சவரத்துக்கு ஆள் வரவில்லை. இரண்டு நாள் பொறுத்த மனைவி, தம்பியைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"அக்கா, என் கழுத்து பலூன் இல்ல!"

"பேசாம இருடா."

சலூன்காரர் நுரை பூசினார். "மச்சான், ஒளிக்காம சொல்றேன். நடுக்கம் இன்னும் கொஞ்சம் இருக்கு. ரொம்ப இருக்கற நாள்ல கத்தியத் தொட மாட்டேன்."

"இன்னைக்கு எப்படி மாமா?"

கத்தியைத் தாடையில் வைத்தவர் உடனே எடுத்துவிட்டார். மனைவிக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவர் தன் கையைப் பார்த்தார், பிறகு மைத்துனரின் தாடையைப் பார்த்தார்.

"இன்னைக்கு உனக்குத்தான்டா ஜாஸ்தி. மூச்ச விடு. நீ ஆடாம இருந்தா, எனக்கு வேலை நடக்கும்."