கட்டாமலே கிழிந்த சேலை

என் கடைக்கு வரும் பட்டுச்சேலைகளில் கட்டிக் கட்டிக் கிழிந்தவை குறைவு. பீரோவுக்குள் பத்திரமாக இருந்து கிழிந்தவைதான் அதிகம். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். அட்டைப்பெட்டியோடு அப்படியே வைத்திருக்கிறோம், கைகூடப் படவில்லை என்று பெருமையடிப்பார்கள். கை படாததுதானம்மா கேடு என்று எனக்கு வாய்வரைக்கும் வந்துவிடும். ஒரே மடிப்பில் வருஷக்கணக்காகக் கிடந்தால் பட்டு அந்த மடிப்பிலேயே இற்றுப்போகும். அவ்வப்போது எடுத்து, நிழலில் காற்றாடப் போட்டு, மடிப்பை மாற்றி வைக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அதற்குத்தான் யாருக்கும் உடம்பு வணங்காது.

புதுச்சத்திரத்தில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். கல்யாணச் சேலைகளுக்கு முன்கூட்டியே கொசுவம் வைத்து, தேய்த்து, க்ளிப் போட்டுக் கொடுப்பேன். முகூர்த்தத்தன்று மண்டபத்துக்கே போய்க் கட்டியும் விடுவேன்.

போன தை மாதம் ராசிபுரத்திலிருந்து ஒரு கல்யாணப் பெண் வந்தாள். துணிப்பையிலிருந்து மாம்பழ நிறச் சேலை ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். அவளுடைய அப்பா நெசவாளி. தன் கல்யாணத்துக்கு, கட்டிக்கொள்ளப் போகிறவளுக்காக அவரே நெய்த சேலை அது. அம்மா உடுத்தியதைத்தான் தானும் உடுத்தி மணையில் உட்கார வேண்டும் என்று இவளுக்கு ஆசை. அப்பாவுக்கு அதைவிடப் பெரிய ஆசை.

விரித்தேன். அடர்ந்த ஜரிகையுள்ள முந்தானையில், நடுமடிப்பை ஒட்டி, ஒரு சாண் நீளத்துக்குப் பட்டு இற்றுக் கிழிந்திருந்தது.

"அப்பாவுக்குத் தெரியாதுங்கக்கா. தெரிஞ்சா ஒடைஞ்சு போயிருவாருங்க. எப்படியாச்சும் இதையேதான் கட்டோணும்" என்றாள். கண் கலங்கியிருந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். "பட்டு நெய்யற ஊட்டுலயே இப்படி வெச்சிருந்தா, மத்தவங்கள என்னத்தச் சொல்றது?" என்றேன்.

"அவரு நெய்ஞ்சதுல ஊட்டுல தங்குனது இது ஒண்ணுதானுங்க."

அதுவும் சரிதான். தறியிலிருந்து அறுத்த சேலை உடனே முதலாளி வீட்டுக்குப் போய்விடும். வயதானால் அதற்கு என்ன ஆகும் என்று அந்த மனிதர் எங்கே பார்த்தார்? கடைக்கு அனுப்பும் சேலையை எப்படி மடிப்பாரோ அப்படியே மடித்து, அட்டை வைத்து, பீரோவில் பூட்டிவிட்டார். பாவம், ஆசையில் செய்தது. அவர் மேல் எப்படிக் கோபப்படுவது?

சேலையில் இடுப்புக்குள் செருகும் உள்தலைப்பிலிருந்து இழை உருவி, பின்பக்கம் மெல்லிய மல் துணி கொடுத்துத் தைத்தேன். தோள் மடிப்பு எடுக்கும்போது கிழிசல் உள்ளே போய் மறையும்படி பார்த்துக்கொண்டேன். ஜரிகைக்கு மேல் துணி போட்டு, சூட்டைக் குறைத்துத் தேய்த்தேன். இற்ற பட்டுக்கு அதற்கு மேல் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. "நின்னாத் தாங்கும், உக்காந்தாலும் தாங்கும். ரொம்பக் குனிஞ்சராத கண்ணு" என்று சொல்லி அனுப்பினேன்.

முகூர்த்தத்தன்று கட்டிவிட்டேன். மணமகள் அறையை விட்டு அவள் வெளியே வந்தபோது வாசலில் அப்பா நின்றிருந்தார். ஒல்லியான மனிதர். சேலையைக் கீழிருந்து மேல்வரை பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதைப் பார்த்த பிறகு எனக்கு அங்கிருந்து கிளம்ப மனம் வரவில்லை. கடவுளே, தையல் நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, ஊக்குகளோடு மேடை ஓரமாகவே நின்றேன்.

தாலி ஏறியது. தையல் தாங்கியது. பிறகு பெரியவர்கள் காலில் விழச் சொன்னார்கள், முதலில் பெண்ணின் அப்பா காலில். மாப்பிள்ளை சாஷ்டாங்கமாக விழுந்தார். இவள் மண்டியிட்டு, பாதி குனிந்து, அப்படியே நின்றுவிட்டாள். ஒரு கை தோளைப் பிடித்திருந்தது.

"ஏம்புள்ள, அப்பங்காலுல வுழ இத்தன யோசனையா?" என்று சொந்தக்காரப் பெண் ஒருத்தி கிண்டலடித்தாள். கூட்டம் சிரித்தது. இவளுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

அப்பா குனிந்து மகளின் கை இருந்த இடத்தைப் பார்த்தார். மடிப்பை ஒரு விரலால் விலக்கினார். மல் துணியும் என் தையலும் தெரிந்தன.

"இதுக்காவவா சாமி குனியாம நிக்கற?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"கிழிஞ்சாக் கிழியட்டும் சாமி. தறி நம்ம ஊட்டுலதான இருக்குது? நான் வேற நெய்யறேன். நீ நல்லா வுழுந்து கும்புடு."

விழுந்தாள். நெற்றி அவர் பாதத்தில் பட்டது. தோள் பக்கம் டர்ரென்று ஒரு சத்தம். மேளத்தையும் மீறி எனக்கே கேட்டது, அவருக்குக் கேட்காமல் இருக்குமா? அவர் சேலையைப் பார்க்கவில்லை. மகளின் தலைமேல் இரண்டு கையையும் வைத்தவர், வெகுநேரம் எடுக்கவே இல்லை.