வெர்னா கொடுத்த சீட்டு

வெர்மான்ட் மலைப்பக்கத்து ஹாட்லாக்கில் வெர்னா பெல்கியைக் கேட்காமல் ஒரு நாய்க்குக்கூட லைசன்ஸ் கிடையாது. இருபத்தாறு வருஷமாக அவள்தான் ஊர்க் குமாஸ்தா. பிறப்பு, இறப்பு, பத்திரம், தேர்தல் எல்லாம் அவள் மேசையில்தான். மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் அவளை எதிர்த்து யாரும் நின்றதில்லை. அந்தத் தலைக்கனம் அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

முன்பெல்லாம் ஊருக்கு ஒருவர் சட்டசபைக்குப் போனார். பிறகு ஊர்களைச் சேர்த்துத் தொகுதி ஆக்கினார்கள். ஹாட்லாக்கை இரண்டாக வெட்டி, மேல்பாதியை ஆஷ்கோம்ப் தொகுதியோடும் கீழ்ப்பாதியைக் கிழக்குத் தொகுதியோடும் ஒட்டினார்கள். ஆஷ்கோம்ப் பெரிய ஊர். அன்றிலிருந்து ஹாட்லாக்காரர் யாரும் ஜெயித்ததில்லை. பால்பண்ணை மெர்ல் காட்பாய் மட்டும் ஆஷ்கோம்ப் தொகுதியில் விடாமல் நின்றார். முதலில் இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றார், அடுத்து தொண்ணூறு, அதற்கடுத்து முப்பத்தொன்று. இந்த நவம்பரில் மூன்றே ஓட்டு.

மறுநாள் காலை மிச்சமிருந்த வாக்குச்சீட்டுகளைக் கட்டும்போது வெர்னாவுக்குக் கணக்கு இடித்தது. பட்டியல் கணக்கைவிடக் கிழக்குத் தொகுதிச் சீட்டு ஏழு அதிகம் போயிருந்தது, ஆஷ்கோம்ப் சீட்டு ஏழு அதிகம் மிஞ்சியிருந்தது. புது எல்லை வரைபடம் வந்த நாளிலிருந்து மடிப்புக் கலையாமல் இழுப்பறையில் கிடந்தது. எடுத்து விரித்தாள். குவாரி ரோட்டின் வடபுறம் இந்த வருஷம் ஆஷ்கோம்ப் தொகுதிக்கு மாறியிருந்தது. அந்த வரிசையில் ஓட்டுப் போட வந்தவர்கள் ஏழு பேர். வந்தவர்களின் பெயரை மற்றவர்கள் பட்டியலில் குறித்தார்கள். சீட்டை எடுத்துக் கொடுத்தது வெர்னா, முகத்தைப் பார்த்தே. யார் வீடு எங்கே என்று அவளுக்கா தெரியாது?

எல்வின் ஸ்டோக்கர் ஞாபகம் வந்ததும் அவளுக்கு முகம் எரிந்தது. எண்பத்திரண்டு வயதுக் கிழவர், குவாரி ரோடு வடபுறம். தொகுதி மாறியதைப் பேப்பரில் படித்திருந்தார். தேர்தலன்று சீட்டோடு திரும்பி வந்து, "வெர்னா, இதுல மெர்ல் பேரே இல்லையே" என்று மெல்லக் கேட்டார். வரிசை வாசல்வரை நின்றது. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மொதல்ல கண்ணாடிய மாத்துங்க எல்வின். அப்புறம் மெர்லைத் தேடலாம்."

வரிசையே சிரித்தது. அவளும் சிரித்தாள். எல்வின் காது சிவக்கத் திரும்பிப் போனார்.

மத்தியானம் மெர்ல் ஒரு பூசணிக்காயைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மறு எண்ணிக்கை கேட்கப் போவதில்லை என்று சொல்லத்தான் வந்திருந்தார்.

"நீ எண்ணினதத் திருப்பி எண்ணச் சொன்னா, நாளைக்கு உன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

சும்மா இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த நினைப்பு வந்ததே வெர்னாவுக்கு அருவருப்பாக இருந்தது. வரைபடத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

"எண்ணினது சரிதான் மெர்ல். கொடுத்ததுதான் தப்பு."

மெர்ல் அந்தக் கோட்டை விரலால் இரண்டு முறை தடவிப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்று அவளுக்கு இருந்தது. ஒரு வக்கீலைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லி எழுந்தார். பூசணிக்காய் அங்கேயே இருந்தது.

வழக்குக்கு ஏழு பேரின் வாக்குமூலம் வேண்டியிருந்தது. மற்றவர்களிடம் வக்கீல் போனார். எல்வினிடம் நானே போகிறேன் என்றாள் வெர்னா.

கதவைத் திறந்தவர் மூக்கில் கறுப்புச் சட்டம் போட்ட புத்தம்புதுக் கண்ணாடி. தேர்தலுக்கு மறுநாளே நாற்பது மைல் வண்டி ஓட்டிப் போய் வாங்கினாராம். நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன், கண்ணு போயிடுச்சோ என்று பயந்தேன் என்றார். வெர்னாவுக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. மன்னிப்புக் கேட்டாள். அன்றைக்கு எல்லார் முன்னாலும் சிரித்ததற்கு மார்ச் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்பேன் என்றாள்.

எல்வின் வாக்குமூலத் தாளை வாங்கினார். புதுக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, சட்டைப்பையிலிருந்து பழையதை எடுத்து மாட்டிக்கொண்டு முதல் வரியிலிருந்து கடைசி வரை படித்தார்.

"இதுலயே தெரியுது," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.