புதுப் பதிப்பில் விட்டுப்போன மாட்யூல்

தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நோயாளிகளின் ஸ்கேன் படங்கள் தனியாக ஒரு ஸ்டோரேஜ் பெட்டியில் இருக்கும். அதிலிருந்து சர்வருக்கு இரண்டு கேபிள்கள். ஒன்று போனாலும் மற்றதன் வழியாகப் படம் வந்துவிடும். இரண்டு வழியிலும் தெரிவது ஒரே டிஸ்க்தான் என்று சர்வரை இயக்கும் லினக்ஸுக்குப் புரியவைக்க மல்டிபாத் என்றொரு மாட்யூல், அதாவது ஒரு துணை நிரல், வேண்டும்.

அன்று காலை ஓபி தொடங்கும் முன்பே லினக்ஸின் புதுப் பதிப்பைப் போட்டேன். சர்வர் ஓடியது, படங்கள் வரவில்லை. ஒரு டிஸ்க் இரண்டாகத் தெரிந்தது. ஒரு வழியை மட்டும் வைத்துத் திறந்துவிடலாமா என்று தோன்றியது. ஏதாவது கலைந்தால் பல வருடப் படங்கள் போய்விடும், பயந்து விட்டுவிட்டேன். கேபிள்தான் கோளாறு என்று நினைத்து மண்டி போட்டு மாற்றி மாற்றிச் செருகினேன். ஸ்டோரேஜ் கம்பெனிக்கு போன் செய்தால் அவர்களும் கேபிளையே சொன்னார்கள்.

பதினோரு மணிக்கு ஸ்கேன் அறை நர்ஸ், ஒருவரை என்னிடம் அழைத்து வந்தார். திருப்பனந்தாள் பக்கம் விவசாயம் செய்பவர். மனைவிக்குத் தலையில் கட்டி. போன வருடப் படத்தையும் இன்றைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் டாக்டர் சொல்ல முடியும்.

"பழைய படம் அழிஞ்சிடுச்சாங்க, மேடம்?"

"அழியலைங்க. உள்ளதான் இருக்கு. என்னால எடுக்க முடியல."

ஒரு மணிக்குத்தான் பழைய பதிப்பின் மாட்யூல் பட்டியலையும் புதியதையும் சேர்த்துவைத்துப் பார்த்தேன். மல்டிபாத்தைக் காணோம். அதைத் தனியாகப் போட வேண்டிய ஒரு கூடுதல் பேக்கேஜுக்கு மாற்றியிருந்தார்கள். அப்டேட் அதைக் கொண்டுவரவில்லை. சர்வருக்கு இணையம் கிடையாது. என் லேப்டாப்பில் இறக்கி, பென் டிரைவில் கொண்டுபோய்ப் போட்டேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, படங்கள் வந்துவிட்டன.

அதற்குள் டாக்டர் கும்பகோணம் கிளம்பிவிட்டார். கீழே போய் நானே அந்த விவசாயியிடம் சொன்னேன், தப்பு என்னுடையது, முன்கூட்டியே சோதித்திருக்க வேண்டும் என்று. நாளைக்கு வர முடியுமா என்று கேட்டேன்.

"நாளைக்கு நடவுங்க. ஆள் சொல்லியாச்சு," என்றார். கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது. மனைவி பக்கத்தில் ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாலையில் அந்த லினக்ஸ்காரர்களின் தளத்தில் புகார் எழுதப் போனேன். எங்கோ ஒருவர் முன்பே இதே புகாரைப் போட்டிருந்தார். அடுத்த வெளியீட்டில் சரிசெய்கிறோம் என்று பதிலும் இருந்தது. அந்த அடுத்த வெளியீட்டைத்தான் நான் காலையில் போட்டிருந்தேன். எங்களுக்கும் அதே கோளாறுதான் என்று ஒரு வரி எழுதிவிட்டு மூடினேன்.

மூன்றாம் நாள் அந்தக் கணவனும் மனைவியும் திரும்ப வந்திருக்கிறார்கள். கட்டி வளரவில்லை என்று டாக்டர் சொன்னதாக நர்ஸ் போனில் சொன்னார். பார்க்கலாம் என்று கீழே இறங்கினேன். பஸ்ஸுக்குப் போய்விட்டார்களாம்.