எஸ்தர் அக்காவுக்கு வந்த குளிர்பெட்டி

செய்தி வந்தபோது போடி ஏல மையத்தில் ஏலக்காய் மாதிரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "அம்மா போயிட்டாக மாமா" என்றாள், எங்களோடு ஏலம் கேட்கும் எஸ்தர் அக்காவின் மகள், அலைபேசியில். ஏலக் கூடத்தில் சொன்னேன். எல்லோரும் எழுந்து நின்றோம். எதிர்வரிசைக்காரர் ஒருவர் மட்டும் ஏலம் கேட்கும் கம்ப்யூட்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பெயர் எழுதமாட்டேன். அக்காவை அறிந்தவர்களுக்கு அவரையும் தெரியும்.

அக்காவுக்கு வந்தது லேசில் யாருக்கும் வராத நோய். குளிர் பட்டால் ரத்தத்திலுள்ள எதிர்ப்பொருளே சிவப்பணுக்களை ஒட்டவைத்து உடைக்கும். விரல் நீலமாகும், கண் மஞ்சளாகும், மூச்சு வாங்கும். குளிரே படக்கூடாது என்றார் மதுரை டாக்டர். இந்த வெயிலில் கையுறை எதற்கு என்று கேலி செய்தவர்களிடம் அக்கா, "என் ரத்தம் மட்டும் மூணாறுல குடியிருக்குய்யா" என்பார்.

ஆனால் கையுறையோடு காயின் தரம் பார்க்க முடியாது. மாதிரி வரும்போதெல்லாம் அக்கா அதைக் கழற்றுவார். எதிர்வரிசைக்காரர் இதைக் கவனித்து வைத்துக்கொண்டு, அந்த நேரம் பார்த்து ஏசியைக் கூட்டச் சொல்வார். கேட்டால் கம்ப்யூட்டர் சூடாகிறதாம். ஒருநாள் நேராகவே சண்டைக்குப் போனேன்.

"குளுருதுன்னா வீட்ல அடுப்புகிட்ட உக்காரச் சொல்லப்பா" என்றார்.

அக்காவே பதில் சொன்னார்: "அடுப்பு எங்கயும் போயிராதுய்யா. நான் எந்திரிச்சா நல்ல காயெல்லாம் உம்ம கைக்குல்ல போயிரும்."

சிலர் சிரித்தார்கள். அக்கா ஏலம் முடியும்வரை எழவில்லை. அன்று சாயங்காலம் சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போனது. மதுரையில் ரத்தத்தை வெதுவெதுப்பாக்கி ஏற்றிப் பார்த்தார்கள். இதயம் தாங்கவில்லை. அவர்தான் காரணம் என்று எந்த டாக்டரும் எழுதித் தரமாட்டார். நான் எழுதுகிறேன்.

வளைகுடாவிலிருந்து மகன் வந்து சேர மறுநாளாகும். அதுவரை உடலை வைக்கக் குளிர்பெட்டி வேண்டும். யாரும் கேட்காமலேயே ஒன்று வந்து இறங்கியது. அனுப்பியவர் எதிர்வரிசைக்காரர். அதைப் பார்த்ததும் மகள் உள்ளே போய் வளைகுடாவிலிருந்த தம்பியை அலைபேசியில் கூப்பிட்டாள். அவன் அழவில்லை. "அம்மாவக் குளுர வைக்காதீக. நான் கல்லறைக்கே வந்துக்கிறேன்" என்றான். தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்க அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

வண்டிக்காரரிடம் சொன்னேன்: "அனுப்புனவுக கடை வாசல்லயே எறக்கிருங்க. உசுரோட இருக்கையில வச்ச குளிரே போதும்னு சொல்லுங்க." அப்படியே செய்தார். நாங்கள் அன்றைக்கே அடக்கம் முடித்துத் திரும்பும்வரை, பஜாரே பார்க்க, அந்தப் பெட்டி அங்கே கிடந்தது.

"ஆளப் பாக்காத, காயப் பாரு" என்பது அக்காவின் பேச்சு. அந்தப் பெருந்தன்மை அவரோடு போகட்டும். நான் வைத்துக்கொண்டது அவருடைய நாற்காலியை மட்டும். கேட்டு வாங்கிவிட்டேன். எதிர்வரிசைக்காரர் எந்தக் காய்க்கு விலை கேட்டாலும் அங்கிருந்து மேலே கேட்பேன், எனக்கு நஷ்டமானாலும்.