தலைவெட்டி பங்களாவில் பிள்ளை மடுவம்

இலங்கை மலையகத்தில் வட்டகொடைக்கு மேலே, எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மலையைப் பார்த்தபடி ஒரு கல் கட்டடம். வெள்ளைக்காரத் துரைமார் தங்கள் ரகசியச் சங்கத்துக்காகக் கட்டியது. யாரும் எட்டிப் பார்க்காதபடி ஜன்னல்களைக் கூரையோரமாக வைத்திருந்தார்கள். உள்ளே நடப்பது தெரியாததால், அங்கே தலையை வெட்டுகிறார்கள் என்று நினைத்துச் சனங்கள் அதைத் தலைவெட்டி பங்களா என்றார்கள்.

துரைமார் போனபின் அது உர ஸ்டோர் ஆனது. பிறகு சும்மா கிடந்தது. பழைய பிள்ளை மடுவத்தின் கூரை காற்றில் பறந்ததும், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள இந்தப் பங்களாவுக்குக் கொண்டுபோனார்கள். பார்த்துக்கொண்டவள் ஜீவராணி.

அவளுக்கு அந்த இடமே பயம். அதிலும் பின்னால் இருந்த இருட்டறை. சங்கத்தில் சேர வருகிறவனை அங்கேதான் தனியாக உட்கார வைப்பார்களாம். அதன் கதவுக்கு முன்னால் அலமாரியை இழுத்து வைத்துவிட்டாள்.

போன நவம்பரில் மழை விடவேயில்லை. ஒரு காலையில், பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றும்போது மேலே மலையில், லொறியிலிருந்து கல் கொட்டுவதுபோல் சத்தம். சுவர் அதிர்ந்தது. வாசல் கதவுக்கு அடியில் சிவப்புச் சேறு பிதுங்கி வந்தது. தள்ளினாள், கதவு அசையவில்லை. ஜன்னல் எட்டவில்லை. பிள்ளைகள் வீறிட்டன.

இருட்டறைக்குத் தேயிலைப் பக்கம் ஒரு கதவு உண்டு. வீட்டுக்குப் போகும்போது அதைப் பார்க்காமல் ஓடியிருக்கிறாள். அலமாரியைத் தள்ளினாள்.

"பேய் இருக்கு ராணிம்மா!" என்று கத்தினான் தர்ஷன்.

"இருந்தா நான் பேசிக்கிறேன். நீ சேலையப் புடிச்சுக்க."

உள்ளே உர நாற்றம். முகத்தில் வௌவால் அடித்தது. தடவித் தடவித் தாழ்ப்பாளைக் கண்டுபிடித்தாள். துருப்பிடித்திருந்தது. அம்மிக் குழவியை எடுத்துவந்து இடித்தாள். கை தோலுரிந்த பிறகுதான் கதவு திறந்தது. கைக்குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, மற்றவர்களைத் தேயிலை நிரைக்குள் இழுத்துப் போனாள்.

கொழுந்துக்கூடைகளைப் போட்டுவிட்டுத் தாய்மார் ஓடிவந்தார்கள். "எம்புள்ள எங்கடி?" என்று அலறினாள் பேச்சியம்மா.

"எல்லாம் இருக்குங்கக்கா" என்று சொல்லிவிட்டு ஜீவராணி அங்கேயே வாந்தி எடுத்தாள். சாயங்காலத்துக்குள் பங்களாவின் முன்பக்கம் இடிந்து விழுந்தது.

இப்போது பிள்ளை மடுவம் கோயிலின் தகரக் கூரை மண்டபத்தில் நடக்கிறது. பங்களாவுக்குள் யாரும் போகக் கூடாதென்று சிங்களத்தில் பலகை வைத்திருக்கிறார்கள்.

பயம் போய்விட்டதா என்று அவளிடம் கேட்டேன்.

"எங்கங்க போவும்? தகரத்துல மழ விழுந்தா புள்ளைங்கள வாசலுக்குப் பக்கத்துல கொண்டாந்து ஒக்கார வச்சிருவேன். சாரல் அடிச்சாலும் பரவால்லங்க."