மிலோய்கா வாங்கிய கயிற்றடி

எங்கள் நாட்டிலேயே உயரமான ட்ரிக்லாவ் மலையின் உச்சிக்கு இரண்டு மணி நேரம் கீழே, பாறைச் சரிவில் இருக்கும் எங்கள் விடுதியில் மிலோய்கா முப்பது கோடையாகச் சமைக்கிறாள். அவளுடைய பார்லிக் கஞ்சியைக் குடித்துவிட்டுத்தான் பாதி நாடு மலையேறியிருக்கிறது. வழி சொல்வதும் அவள்தான். "பாறையில அடிச்ச மூணாவது கம்பி வந்ததும் எடது கால முதல்ல வையி. கீழ பாத்தியோ, தொலைஞ்ச." அவள் அதட்டுவதைக் கேட்டால் மலை ஏதோ அவள் வீட்டுக் கொல்லை என்று தோன்றும்.

அவள் ஒரு தடவைகூட ஏறியதில்லை.

இருபத்திரண்டு வயதில், உச்சிக்கு ஏறியிருக்கிறாயா என்று யாரோ கேட்டதற்கு "ஏறாம இருப்பேனா" என்று பொய் சொல்லிவிட்டாள். அந்த மலை ஏறாதவரை எங்கள் ஆட்கள் ஒரு ஆளாகவே மதிப்பதில்லை, பாவம் என்ன செய்வாள்? அப்புறம் ஏறலாமென்றால் நேரம் எங்கே? விடுதி திறந்திருக்கும் மூன்று மாதமும் மத்தியானமானால் அறுபது பேர் தட்டோடு நிற்பார்கள். மீதி மாதமெல்லாம் பனி. கஞ்சி குடிக்கிறவர்கள் அளப்பதைக் காதில் வாங்கியே வழி முழுக்கக் கற்றுக்கொண்டாள். விஷயம் எனக்கு மட்டும் தெரியும். பாத்திரம் கழுவும் நானும் ஏறாதவள்தான். ஆனால் என்னை எவன் கேட்கிறான்?

இந்த ஆகஸ்டில் விடுதிக்காரர் யெர்னேய் குண்டைத் தூக்கிப் போட்டார்.

"முப்பது வருஷம் ஆச்சு மிலோய்கா, கொண்டாட வேண்டாமா? நாளைக்குக் காலைல எல்லாரும் ஏறுறோம், சாப்பாட்டு நேரத்துக்குள்ள எறங்கிடலாம். புதுசா வர்ற மூணு பேருக்கும் உன் கையாலதான் அடி."

முதல் முறை உச்சி தொடுகிறவரைக் குனிய வைத்துக் கயிற்றால் பின்பக்கத்தில் மூன்று போடுவது எங்கள் வழக்கம். அடி வாங்கியவர்தான் அடிக்கலாம்.

அவர் நகர்ந்ததும் மிலோய்கா என் காதைப் பிடித்துத் திருகினாள். "நீயும் வர்றடி. வாயத் தொறந்தே, கொன்னுடுவேன். மூணு பேரையும் சாத்திட்டு எறங்கிடுவோம். பொய்யும் உண்மையாயிடும், யாருக்குத் தெரியப் போகுது."

மறுநாள் அவளைப் பிடிக்க முடியவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு கிளுகிளுவென்று சிரிக்கிறாள். "ஏய், நான் சொன்ன எடத்துலயே கம்பி இருக்குடி" என்று என் காதில் கிசுகிசுத்தாள். எனக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது.

பின்னால் பல் டாக்டர் வோய்கோ வந்தார். அவருக்கு இது நாலாவது ஏற்றம்.

"அக்கா, கொஞ்சம் மெதுவாப் போங்க" என்றார் மூச்சிரைக்க.

"பல்லு புடுங்குற கைக்குக் கம்பி புடிக்கத் தெரியலியா டாக்டரே?"

உச்சியில் சின்னத் தகரக் கோபுரத்துக்குப் பக்கத்தில் புது ஆள் ஒருவன் குனிந்தான். யெர்னேய் கயிற்றை நீட்டினார். மிலோய்கா ஓங்கினாள். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். இப்போது அடித்துவிட்டால் இனி அவளை யார் அடிப்பார்கள்? அவளுக்கு உண்டான மூன்று அடி ஆயுசுக்கும் கிடைக்காது. அது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

கயிற்றை டாக்டர் கையில் திணித்தாள்.

"முதல்ல எனக்குப் போடுங்க. நானும் இன்னிக்குத்தான் வந்திருக்கேன்."

யெர்னேய் அவள் பக்கம் திரும்பினார். "முப்பது வருஷமா ஊருக்கே வழி சொன்னியே?"

"எவனாவது வழி தப்பினானா?"

அவர் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார். "இல்ல" என்றார்.

குனிந்திருந்தவன்தான் முதலில் சிரித்தான். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. டாக்டர் பயந்து பயந்து ஒன்று போட்டார்.

"தூசியா தட்டுறீங்க? நல்லா போடுங்க."

மூன்றாவது அடி நன்றாகவே விழுந்தது. தடவிக்கொண்டே நிமிர்ந்தாள். கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் பல். "எவ்வளவு நல்லா இருக்குடி" என்றாள். யாரும் கேட்காமலே நானும் போய்க் குனிந்தேன்.

யெர்னேய் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் பதறினார். "கிளம்பு மிலோய்கா, கீழ எல்லாரும் பசியோட நிப்பாங்க."

மிலோய்கா கோபுரத்தில் சாய்ந்து, இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்தாள்.

"நிக்கட்டும்" என்றாள்.